ஆய்வேடு எழுதும்போதே சான்று செருக: செட்டிநாட்டு ஆய்வாளருக்கு ஜோட்டெரோ

எல்லா இயல்களையும் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் துணைநூற்பட்டியலுக்கு உட்காரும் வழக்கம் இன்னும் நம் பக்கம் போகவில்லை. அப்படி உட்காரும்போதுதான் வம்பு தெரியும். இரண்டாம் இயலில் 'ருட்னர், 1994' என்று இருக்கும், பட்டியலில் அவரைக் காணோம். பட்டியலில் நாலு நூல் இருக்கும், உள்ளே எந்த இயலிலும் அவை வந்திருக்காது. அந்த நேரம் பார்த்து நெறியாளர், "எம்.எல்.ஏ. முறை வேண்டாம்ப்பா, ஏ.பி.ஏ.வுக்கு மாத்திடு" என்பார். இரண்டும் சான்று எழுதும் முறைகள்தான், ஆனால் கமா, முற்றுப்புள்ளி, சாய்வெழுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

இந்த வேலை முழுவதையும் கணினியிடம் விட்டுவிடலாம். ஆனால் சான்றை எழுதி முடித்த பிறகு அல்ல, வாக்கியத்தை எழுதும் அந்த நிமிடமே செருக வேண்டும். அதற்கான மென்பொருள்களில் மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும். எண்ட்நோட் காசு கொடுத்து வாங்குவது. மெண்டலி இலவசம்தான், ஆனால் 2013 முதல் எல்செவியர் என்ற பதிப்பு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஜோட்டெரோ 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வாளர்கள் தங்கள் தேவைக்காக உருவாக்கியது. இலவசம், திறமூலம். என் ஓட்டு ஜோட்டெரோவுக்கு. பல்கலைக்கழகம் வாங்கித் தந்த உரிமம் நீங்கள் படிப்பை முடித்து வெளியேறும் நாளில் போய்விடும், இது போகாது. பழைய அறிக்கை, கையெழுத்துப்படி, நேர்காணல் போன்றவற்றுக்குத் தனித்தனிப் படிவம் வைத்திருப்பதும் இதன் பலம். செட்டிநாட்டை ஆராய்கிறவருக்கு அவைதானே பாதிச் சரக்கு.

நிறுவுவதற்கு முன் எழுத்துருவைப் பாருங்கள்

இதைப் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதில்லை, ஏனென்றால் இது நம் ஊர்ச் சிக்கல். டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்து வாங்கிய இயல்கள் இன்றும் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். இந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஆங்கிலம், கண்ணுக்கு மட்டும் தமிழ். அந்தக் கோப்பில் ஜோட்டெரோ ஆங்கிலத்தில் 'ருட்னர்' என்று செருகினால் பாமினியில் அது 'சுரனநெச' என்று தெரியும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கெட்டது மென்பொருள் இல்லை.

ஆகவே முதல் வேலை, இயல்களை யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்துக்கெனத் தனி இடம் உள்ள பொதுக் குறிமுறைக்கு, மாற்றுவது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துப் பார்த்துவிடுங்கள். நடுவில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்கள் தமிழ்க் குப்பையாக மாறியிருக்கும். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். "அண்ணே, புது இயலை இனிமே யூனிகோடுலயே அடிச்சுக் குடுங்க" என்றால் பெரும்பாலும் செய்துகொடுப்பார்கள். நீங்களே தமிழ் 99 விசைப்பலகை பழகிக்கொண்டால் இன்னும் நல்லது.

நிறுவுதல்

இது எளிது. ஜோட்டெரோ டாட் ஓஆர்ஜி தளத்தில் இரண்டு பொருள்கள் கிடைக்கும். ஒன்று கணினியில் ஓடும் மென்பொருள். மற்றொன்று உலாவியில் சேர்க்கும் 'கனெக்டர்'; குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் மூன்றுக்கும் உண்டு. இரண்டையும் நிறுவுங்கள். பிறகு வேர்டைத் திறந்தால் மேலே 'ஜோட்டெரோ' என்று ஒரு தாவல் புதிதாக வந்திருக்கும். வரவில்லையா? ஜோட்டெரோவின் செட்டிங்ஸில் 'சைட்' பகுதிக்குப் போய், வேர்ட் இணைப்பை மறுபடி நிறுவும் பொத்தானை அழுத்திவிட்டு வேர்டை மூடித் திறங்கள். லிப்ரெஆபீஸ் பயன்படுத்துபவர்களுக்கும் இதே வழிதான். கைபேசி வேர்டில் இது வேலை செய்யாது.

எல்லாம் உங்கள் கணினியிலேயே இருப்பதால், கிராமத்து வீட்டில் இணையம் விட்டுவிட்டு வந்தாலும் சான்று செருகுவதில் தடை இல்லை. ஒரு கணக்கு தொடங்கினால் நூல் விவரங்கள் இணையத்திலும் ஒரு படி சேமிக்கப்படும். பி.டி.எஃப். கோப்புகளுக்கு இலவச இடம் 300 எம்.பி. மட்டும். ஸ்கேன் செய்த பழைய தமிழ் நூல்கள் ஏழெட்டிலேயே அது நிரம்பிவிடலாம். அதனால் கோப்பு ஒத்திசைவை அணைத்துவிட்டு, விவரங்களை மட்டும் ஒத்திசைக்க விடுங்கள். அவற்றுக்கு அளவுக் கட்டுப்பாடு கிடையாது. கோப்புகளுக்கு, மென்பொருளை மூடிவிட்டு 'ஜோட்டெரோ' என்ற கோப்புறையை அப்படியே வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகலெடுத்தால் போதும். அந்தக் கோப்புறையையே கூகுள் டிரைவுக்குள்ளோ ஒன்டிரைவுக்குள்ளோ நகர்த்தி வைக்காதீர்கள், தரவுத்தளம் பழுதாகும்.

நூலகத்தை நிரப்புதல்

செக்ரியில் (காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) மின்வேதியியல் செய்கிறவருக்கும் அழகப்பா பல்கலைக்கழகத்தில் வேதியியலோ இயற்பியலோ செய்கிறவருக்கும் இந்தப் பகுதி அரை மணி நேர வேலை. கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணை (இணையத்தில் அந்தக் கட்டுரைக்கு மட்டும் உரிய அடையாள எண்) நகலெடுத்து, ஜோட்டெரோவில் மந்திரக்கோல் படம் போட்ட பொத்தானை அழுத்தி ஒட்டினால் எல்லா விவரமும் வந்து நிற்கும். புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். போதும். இதழின் பக்கத்தில் இருக்கும்போது உலாவியில் உள்ள கனெக்டர் பொத்தானை அழுத்தினாலும் அதே பலன். பின்னால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையாக இருந்தால் சிவப்பு எச்சரிக்கையும் காட்டும். இந்த வசதி 2019 முதல் இருக்கிறது. சாட்பாட் எடுத்துக் கொடுத்த பட்டியலைச் சோதிக்கவும் மந்திரக்கோல் நல்ல கருவி. இல்லாத கட்டுரைக்குக் கற்பனையாகக் கொடுத்த டி.ஓ.ஐ. என்றால் ஒன்றும் வராது, அல்லது சம்பந்தமில்லாத வேறு கட்டுரை வரும்.

தமிழ், வரலாறு, சமூகவியல் ஆய்வாளருக்குக் கதை வேறு. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவை போன்ற பழைய அச்சுநூல்களுக்கு ஐ.எஸ்.பி.என். ஏது? ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.பை ஜோட்டெரோவுக்குள் இழுத்துப் போட்டால் அது வெறும் கோப்பாகவே கிடக்கும். அதன்மேல் வலச்சொடுக்கி, 'கிரியேட் பேரன்ட் ஐட்டம்' என்பதைத் தேர்ந்து, விவரங்களைக் கையால்தான் நிரப்ப வேண்டும். அலுப்பாக இருக்கும். ஆனால் ஒரு நூலுக்கு ஒரே தடவைதான்.

நிரப்பும்போது பெயர்தான் முக்கியம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் செட்டிநாட்டுப் பெயரைப்போல இந்த மென்பொருளைக் குழப்புவது வேறொன்றும் இல்லை. ஜோட்டெரோவில் ஆசிரியர் பெயருக்கு இரண்டு கட்டம் உண்டு, முதலில் குடும்பப்பெயர், அடுத்து முன்பெயர். இணையத்திலிருந்து தானாக வரும் விவரம், பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்ளும். விளைவு: அழகப்பச் செட்டியார், முத்தையா செட்டியார், சிதம்பரம் செட்டியார் எல்லாரும் 'செட்டியார்' ஆகிவிடுவார்கள். உங்கள் இயலில் 'செட்டியார், 1950' என்று வரும். காரைக்குடியில் இருந்துகொண்டு அப்படி எழுதினால் யாரைச் சொல்கிறீர்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே 'முத்தையா செட்டியார்' முழுவதையும் முதல் கட்டத்தில் போடுங்கள். பெயருக்கு முன்னால் முன்னெழுத்தாக வரும் குடும்ப விலாசத்தை, மு.சித. ஆகட்டும் ராம.அள. ஆகட்டும், இரண்டாம் கட்டத்தில் அப்படியே போடுங்கள். ஒரே விலாசத்தை ஒரு நூலுக்குப் புள்ளியோடும் மற்றொன்றுக்குப் புள்ளியில்லாமலும் போடாதீர்கள். மென்பொருள் அவர்களை இரண்டு ஆளாக நினைத்துக்கொள்ளும், ஏ.பி.ஏ. முறையில் திடீரென்று இயலுக்குள் சான்றில் முன்னெழுத்து முளைத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆசிரியர் ஒரு நபராக இல்லாமல் குழுவாக, துறையாக இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒரே கட்டமாக மாற்றிக்கொள்ளுங்கள். ரங்கூனில் நம்மவர்கள் நடத்திய லேவாதேவி பற்றி எழுதுகிற யாரும் 1929-30ஆம் ஆண்டின் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அறிக்கையைத் தொடாமல் இருக்க முடியாது. அந்தக் குழுவின் ஆங்கிலப் பெயரை இரண்டு கட்டத்தில் விட்டால் 'கமிட்டி, பி. பி. பி. ஈ.' என்று யாரோ ஒரு மனிதரின் பெயர்போல அச்சாகும்.

ஆண்டும் அடுத்த கண்ணி. பழைய நூலில் 'பிரபவ வருஷம்' என்று மட்டும் இருக்கும். அது 1927-28 ஆகலாம், அறுபது ஆண்டு பின்னால் போய் 1867-68 ஆகவும் ஆகலாம். அச்சகம், தாள், முன்னுரையில் வரும் பெயர்களை வைத்து முடிவுசெய்து, ஆங்கில ஆண்டைத் தேதிக் கட்டத்தில் போடுங்கள். தமிழ் வருஷத்தை 'எக்ஸ்ட்ரா' கட்டத்தில் குறித்து வையுங்கள். முடிவுசெய்ய முடியாவிட்டால் தேதியைக் காலியாக விடுவது நேர்மை.

வீட்டுப் பெட்டகத்திலிருந்து எடுத்த பேரேடு, இசைகுடிமானம் (திருமண ஒப்பந்த ஏடு), கடிதம் இவற்றுக்கு 'மேனுஸ்கிரிப்ட்' வகை. அதில் ஆவணக்காப்பகம் என்ற கட்டத்தில் எந்த ஊர், யார் வீட்டுச் சேகரிப்பு என்று போடலாம், வீட்டார் சம்மதித்தால். சம்மதிக்காவிட்டால் 'தனியார் சேகரிப்பு, கானாடுகாத்தான்' என்பதோடு நிறுத்துங்கள். ஆச்சிகளிடம் எடுத்த பேட்டிக்கு 'இன்டர்வியூ' வகை இருக்கிறது. ஆனால் ஏ.பி.ஏ. முறையில், நீங்களே எடுத்து எங்கும் வெளியிடாத பேட்டி பட்டியலில் வரக்கூடாது, இயலுக்குள் மட்டும் குறிப்பிட வேண்டும். அதை நேரடியாகத் தட்டச்சு செய்துவிடுவது சுலபம். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் எடுத்த ஆய்வேடு என்றால் வகை 'தீசிஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு 2014இல் சேர்ந்த பக்கத்தைச் சுட்டினால் 'வெப் பேஜ்'.

சரி, எழுதும்போது செருகுவது

வேர்டில் வாக்கியத்தை முடிக்கிறீர்கள். முற்றுப்புள்ளிக்கு முன் கர்சர் நிற்கிறது. ஜோட்டெரோ மென்பொருள் பின்னால் திறந்திருக்க வேண்டும், மறக்காதீர்கள். ஜோட்டெரோ தாவலில் 'ஆட்/எடிட் சைட்டேஷன்' என்பதை அழுத்துங்கள். முதல் தடவை மட்டும் எந்த நடை வேண்டும் என்று கேட்கும். ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ., சிகாகோ, ஐ.இ.இ.இ. எல்லாம் உள்ளேயே இருக்கும். பட்டியலில் இல்லாத இதழ் நடைகளையும் அங்கிருந்தே தேடிச் சேர்க்கலாம்.

அதன்பின் ஒரு தேடல் பட்டை வரும். அதன் தோற்றம் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும், வேலை ஒன்றே. ஆசிரியர் பெயரின் சில எழுத்துகளோ தலைப்பில் ஒரு சொல்லோ அடித்தால் உங்கள் நூலகத்திலிருந்து பொருந்துவதைக் காட்டும். தேர்ந்தால் பெயர் ஒரு குமிழாகப் பட்டையில் உட்காரும். அந்தக் குமிழைச் சொடுக்கினால் பக்க எண் போடும் கட்டம் திறக்கும். பக்கத்தைப் போட்டு என்டர் தட்டுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று நூலைச் சுட்ட வேண்டுமானால் என்டருக்கு முன் அடுத்த பெயரையும் அடித்துச் சேருங்கள்; அடைப்புக்குள் எது முன், எது பின் என்பதை நடையே பார்த்துக்கொள்ளும்.

'ருட்னர் சொல்வதுபோல' என்று வாக்கியத்திலேயே பெயர் வந்துவிட்டால் அடைப்புக்குள் மறுபடி பெயர் தேவையில்லை. அதற்குக் குமிழுக்குள் 'ஆமிட் ஆத்தர்' என்ற பெட்டியில் டிக் போடுங்கள், ஆண்டு மட்டும் நிற்கும்.

தமிழ் ஆய்வேட்டுக்கு ஒரு சின்ன உபாயம். பக்கக் கட்டத்தில் 45 என்று போட்டால் ஏ.பி.ஏ. நடை ஆங்கிலத்தில் 'பி. 45' என்று அச்சிடும். நமக்கு 'ப. 45' வேண்டும். பக்கக் கட்டத்தைக் காலியாக விட்டு, 'சஃபிக்ஸ்' கட்டத்தில் கமாவோடு ', ப. 45' என்று அடித்துவிடுங்கள். நடைக் கோப்பையே திருத்தத் தெரிந்தவர்கள் அதைச் செய்யலாம். புதியவருக்கு இது போதும்.

ஏடு முடியும் இடத்தில் கர்சரை வைத்து 'ஆட்/எடிட் பிப்ளியோகிராபி' அழுத்தினால் துணைநூற்பட்டியல் விழும். இனி எந்த இயலில் புதிதாகச் செருகினாலும் அது பட்டியலில் தானே சேரும். ஒரு பத்தியை நீக்கினால், வேறெங்கும் சுட்டாத நூல் பட்டியலிலிருந்து தானே போகும். எண் முறையில் எழுதும் அறிவியல்காரர்களுக்கு இதுதான் பெரிய ஆறுதல்: மூன்றாம் இயலின் பத்தியைத் தூக்கி முதல் இயலில் வைத்தாலும் எண்கள் வரிசையாக மாறிக்கொள்ளும். நெறியாளர் நடையை மாற்றச் சொன்னால் 'டாக்குமென்ட் பிரிஃபரன்சஸ்' திறந்து வேறு நடையைத் தேர்ந்தால் சரி. இதெல்லாம் நடப்பதற்கு இயல்கள் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். கோப்பு பெரிதாகி வேர்ட் திணறினால், அதே பிரிஃபரன்சஸ் பெட்டியில் தானாகப் புதுப்பிப்பதை அணைத்துவிட்டு, அவ்வப்போது 'ரிஃப்ரெஷ்' அழுத்துங்கள்.

சான்றெண் விளக்கம் கேட்கிறார்களா?

தமிழ்த் துறைகளில் இயலின் முடிவில் சான்றெண் விளக்கம் தருவதே பல இடங்களில் மரபு. இதுவும் முடியும். சிகாகோ குறிப்பு முறை போன்ற நடையைத் தேர்ந்து, அதே பெட்டியில் 'எண்ட்நோட்ஸ்' என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். வேர்ட் எல்லாக் குறிப்பையும் ஏட்டின் கடைசியில் கொண்டுபோய்க் கொட்டும். அதை இயல் இறுதிக்குக் கொண்டுவர, ஒவ்வோர் இயலுக்கும் நடுவில் 'செக்‌ஷன் பிரேக்' போட்டு, வேர்டின் ரெஃபரன்சஸ் தாவலில் குறிப்புகளுக்கான அமைப்பைத் திறந்து 'எண்ட் ஆஃப் செக்‌ஷன்' என்பதையும், எண்ணிக்கை ஒவ்வொரு பகுதியிலும் புதிதாகத் தொடங்கும் என்பதையும் தேருங்கள். ஒவ்வோர் இயலும் ஒன்றிலிருந்து எண் பெறும்.

தொடக்கூடாத இடங்கள்

செருகிய சான்றின்மேல் கர்சரை வைத்தால் சாம்பல் நிறம் படரும். அந்த நிறத்துக்குள் கையால் எதையும் திருத்தாதீர்கள். அடுத்த புதுப்பித்தலில் திருத்தம் போய்விடக்கூடும். பெயரில் பிழை என்றால் ஜோட்டெரோவில் திருத்தி ரிஃப்ரெஷ் அழுத்த வேண்டும். பக்கம் தவறென்றால் அந்தச் சான்றின்மேல் நின்று மறுபடி 'ஆட்/எடிட்' அழுத்த வேண்டும்.

ஒரே நூல் இரண்டு தடவை நூலகத்தில் ஏறிவிட்டால் ஒன்றை அழிக்காதீர்கள். 'டூப்ளிகேட் ஐட்டம்ஸ்' பகுதியில் இரண்டையும் 'மெர்ஜ்' செய்தால் ஏட்டில் உள்ள இணைப்பு அறாது.

பத்திகளை ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்கு ஒட்டும்போது 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' கொடுத்தால் சான்று வெறும் எழுத்தாகிவிடும். நெறியாளருக்கு அனுப்புவதிலும் கவனம் வேண்டும். அவர் கைபேசியில் வேறு செயலியில் திறந்து, நாலு திருத்தம் போட்டுச் சேமித்து அனுப்பினால் இணைப்புகள் எல்லாம் அறுந்து வரக்கூடும். "சார், பி.டி.எஃப்.ல திருத்தம் போட்டுக் குடுங்க, நான் இங்க சேத்துக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம். அவர் வேர்டிலேயே 'டிராக் சேஞ்சஸ்' போட்டுத் திருத்துபவர் என்றால் கவலையில்லை. அவர் கணினியில் ஜோட்டெரோ இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

அச்சுக்குப் போகும் முன்

எல்லாம் முடிந்ததும் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுங்கள். நகலில் 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' அழுத்தினால் சான்றுகள் சாதாரண எழுத்தாகும். மென்பொருள் செய்யாத நம் ஊர் வேலைகளை இந்த நகலில்தான் செய்ய வேண்டும். துணைநூற்பட்டியலில் தமிழ் நூலும் ஆங்கில நூலும் எழுத்துமுறைப்படி தனித்தனிக் கொத்தாகவே நிற்கும்; நடுவில் ஒரு தலைப்புப் போட்டால் இரண்டு பட்டியல் ஆகிவிடும். தமிழ்ச் சான்றுகளில் 'எட் அல்' என்று ஆங்கிலத்தில் நிற்பதை 'மற்றும் பிறர்' என்றும், குறிப்பில் 'இபிட்' வந்திருந்தால் 'மேலது' என்றும் ஃபைண்ட்-ரீப்ளேஸில் மாற்றுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், ஆங்கில நூலுக்கு ஆங்கிலமே இருக்கட்டும்.

ஒற்றுமைச் சோதனைக்கு, அதாவது உங்கள் எழுத்து பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் சோதனைக்கு, கொடுக்கப் போவதும் இந்த நகலைத்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி பத்து சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. துணைநூற்பட்டியலும், உரிய சான்றோடு எடுத்தாண்ட பகுதிகளும் அந்தக் கணக்கில் சேராது. அறிக்கையில் அவை சேர்ந்து வந்திருந்தால் நூலகரிடம் சொல்லி விலக்கிப் பார்க்கக் கேளுங்கள்.

டி.டி.பி. கடைக்கும் பைண்டிங்குக்கும் நகல் போகட்டும். இணைப்பு அறாத மூலக் கோப்பு உங்களிடமே இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக்குப் பிறகு புறத்தேர்வாளர் சொல்லும் திருத்தத்தை அந்த மூலத்தில் செய்து, அதிலிருந்து புது நகல் எடுங்கள். அன்லிங்க் செய்த கோப்பைத் திரும்ப உயிர்ப்பிக்க வழி கிடையாது.